கன்வேயர் ஓவன்: கேஸ், காற்று, கரண்ட்

பீட்சா கடை போடுகிறவர்கள் கன்வேயர் ஓவன் (பீட்சாவைப் பெல்ட்டில் நகர்த்திக்கொண்டே வேக வைக்கும் ஓவன்) வாங்கும்போது பெல்ட்டின் அகலத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பேசுவார்கள். சிலிண்டர் எத்தனை வேண்டும், எக்ஸாஸ்ட் எவ்வளவு இழுக்கும், ஜெனரேட்டரில் நியூட்ரல் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஓவன் ஓட ஆரம்பித்து ஒரு வாரத்தில், ‘பீட்சா வெளுப்பாக வருகிறது’, ‘பர்னர் தானாக அணைந்துவிடுகிறது’ என்று புகார் வரும். ஓவனைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு குறையும் இருக்காது. கோளாறு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் வெளிவேலைக்கே அதிக இடம்.

கணக்குக்கு ஒரு நடுத்தர ஓவனை எடுத்துக்கொள்வோம்: 32 அங்குல பெல்ட், 40 அங்குல நீள அறை, ஒரே அடுக்கு, பர்னர் 35 கிலோவாட், அதாவது மணிக்கு 1,20,000 பிடியூ. உங்கள் ஓவனின் எண்கள் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கே சொல்வதும் தகட்டில் இருப்பதும் மாறுபட்டால் தகடு சொல்வதே சரி.

உள்ளே நடப்பது

கல் ஓவனில் கல்லின் சூட்டில் மாவு வேகும். இதில் வேக வைப்பது காற்று. பர்னர் சூடாக்கிய காற்றை ப்ளோவர் என்ற விசிறி இழுத்து, பெல்ட்டுக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான தகரப் பெட்டிகளுக்குள் தள்ளும். இந்தப் பெட்டிக்கு ஃபிங்கர் என்று பெயர். பீட்சாவைப் பார்த்த முகத்தில் வரிசை வரிசையாகத் துளைகள். அவற்றின் வழியே சூடான காற்று ஊசி குத்துவதுபோலப் பாயும். மாவின் மேல் போர்வைபோல ஒட்டியிருக்கும் குளிர்ந்த காற்றுப் படலத்தை அது கிழித்துவிடுவதால்தான் கல் ஓவனைவிடச் சீக்கிரம் வேகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ப்ளோவர் மெதுவாகச் சுற்றினால், மீட்டர் 260 டிகிரி செல்சியஸ் காட்டினாலும் பீட்சா வேகாது. இரண்டாவது, ஓவனின் இரண்டு வாயும் எப்போதும் திறந்தே இருப்பதால் வெளிக்காற்று எப்படி வீசுகிறது என்பது உள்ளே வேகிற விதத்தை மாற்றும்.

இடம்

பெல்ட்டின் இரு முனையையும் சேர்த்தால் ஓவன் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். உடம்பு மட்டுமே இருநூறு, முந்நூறு கிலோ. கடையின் கதவு 90 செ.மீ. என்றால், ஓவன் லாரியில் ஏறும் முன்பே பெட்டியின் குறுக்களவைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டையும் முனைத் தட்டுகளையும் கழற்றினால்தான் பல கதவுகளில் நுழையும். பெல்ட் தாங்கியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது வளைந்தால் பெல்ட் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகவே ஓடும்.

பின்பக்கமும் பக்கவாட்டிலும் சுவரிலிருந்து 15 செ.மீ. விடுவது பொதுவான வழக்கம். பர்னரும் கன்ட்ரோல் பெட்டியும் இருக்கும் பக்கத்தில் ஆள் குனிந்து வேலை பார்க்க 60 செ.மீ. தேவை. இடம் குறைவு என்று ஓவனைச் சுவரோடு அணைத்து வைத்தால், கன்ட்ரோல் பெட்டியைக் குளிர்விக்கும் சிறு விசிறி, தான் வெளியேற்றிய சூட்டையே திரும்ப இழுக்கும். கன்ட்ரோல் போர்டு கோடையில் வெந்து போவது இப்படித்தான். எண்ணெய் கொதிக்கும் ஃப்ரையரையும் பக்கத்தில் வைக்க வேண்டாம். அந்த எண்ணெய்ப் புகையை விசிறி உறிஞ்சி போர்டின் மேல் பிசுக்காகப் படிய வைக்கும்.

தரைமட்டம் முக்கியம். அடுக்களைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருக்கும். ரசமட்டத்தை அறையின் மேல் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்து, கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு என்றால், ஓவனைச் சுவரோடு இணைக்கும் ஒரு சங்கிலி கட்டாயம். அந்தச் சங்கிலி கேஸ் ஹோஸைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். கழுவுவதற்காக ஓவனை இழுக்கும்போது விறைக்க வேண்டியது சங்கிலிதான்.

கேஸ்

கேஸ் வரிசையைப் போடவும் ஜெட் (பர்னருக்குள் கேஸ் பாயும் துளை முனை) மாற்றவும் அங்கீகாரம் பெற்ற ஆள்தான் வர வேண்டும். என்ன கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் கேள்வி, ஓவன் எந்த கேஸுக்கானது? எல்பிஜிக்கும் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கும் ஜெட் துளை வேறு, வால்வின் அழுத்தமும் வேறு. இயற்கை எரிவாயு ஜெட்டோடு எல்பிஜியைக் கொடுத்தால் சுடர் மஞ்சளாக நீண்டு, கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு கிளம்பும். எல்பிஜி ஜெட்டில் இயற்கை எரிவாயு விட்டால் சுடர் சுண்டிப்போகும், ஓவன் சூடேறவே ஏறாது. ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் சிறிய ஜெட் தேவைப்படும். ஆர்டர் கொடுக்கும்போதே ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.

இனி சிலிண்டர் கணக்கு. 35 கிலோவாட் பர்னர் முழு வீச்சில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 2.5 முதல் 2.75 கிலோ எல்பிஜி குடிக்கும். நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டரிலிருந்து தொடர்ந்து ஆவியாகி வரக்கூடியது, சமவெளி வெயிலில், மணிக்கு ஒரு கிலோவுக்குள்தான். சிலிண்டரில் கேஸ் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாக வேண்டும், அதற்கான சூட்டை அது சிலிண்டரின் சுவரிலிருந்துதான் எடுக்கும். ஒரே சிலிண்டரிலிருந்து அளவுக்கு மீறி இழுத்தால் அடிப்பாகம் வியர்க்கும், பிறகு பனி பூக்கும், அழுத்தம் விழும். திரவம் குறையக் குறைய, சூடு வாங்கும் பரப்பும் குறையும். சீக்கிரம் ஆவியாகும் புரொப்பேன் முதலில் போய், கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும் பியூட்டேன் கடைசியில் மிஞ்சும். ‘சிலிண்டரில் பாதி இருக்கு, ஆனா ஓவன் இழுக்கல’ என்று சொல்வதன் பொருள் இதுதான். மலையூர்க் காலையில் இது இன்னும் மோசம்.

ஆகவே இந்த ஓவனுக்கு 19 கிலோ சிலிண்டர் மூன்று அல்லது நான்கை மேனிஃபோல்டில் (சிலிண்டர்களைச் சேர்க்கும் பொதுக் குழாயில்) ஒன்றாகத் திறந்து வைக்க வேண்டும். மூன்று போதுமா என்பது கடையின் வேகத்தைப் பொறுத்தது. முழு வீச்சு காலையில் சூடேற்றும்போதும் மாலை நெரிசலிலும்தான். மற்ற நேரத்தில் பர்னர் குறைத்து எரியும். உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய எல்பிஜி 100 கிலோ வரைதான். 19 கிலோவில் ஐந்து என்றால் 95 கிலோ, 47.5 கிலோவில் இரண்டு என்றாலும் 95 கிலோ. அதற்கு மேல் போனால் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வேண்டும். ஒரே ஓவனுக்கு மூன்று ஓடவும் இரண்டு இருப்பிலும் என்ற ஏற்பாடு பெரும்பாலான கடைகளுக்குச் சரிப்படும். இரண்டாவது ஓவன் வரும் என்று நினைத்தால் குழாயின் விட்டத்தை இப்போதே அதற்கேற்பப் போட்டுவிடுங்கள்.

வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டத்துக்கு விரோதம். அழுத்தம் விழுகிறது என்று சிலிண்டரைப் படுக்கப் போடுவது, அதன் மேல் வெந்நீர் ஊற்றுவது இரண்டும் ஆபத்து. படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

அடுத்து ரெகுலேட்டர். பட்டி அடுப்புக்கு (ஹோட்டல்களின் பெரிய அடுப்புக்கு) போடும், திருகித் திருகி ஏற்றும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை ஓவனோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். ஓவனின் கேஸ் வால்வு தாங்குவது ஏறக்குறைய 35 மில்லிபார். பட்டி ரெகுலேட்டர் தருவது அதைப்போலப் பல மடங்கு. வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர்த் திரை கிழிந்துவிட்டால் அதற்குப் பிறகு அது முழுதாக மூடாது, ஓவன் அணைந்திருக்கும்போதும் கேஸ் கசியும். சரியான முறை இரண்டு கட்டம்: மேனிஃபோல்டில் முதல் ரெகுலேட்டர் அழுத்தத்தை 1 அல்லது 1.5 பாருக்கு இறக்கும். ஓவனுக்குப் பக்கத்தில் இரண்டாவது ரெகுலேட்டர் 30 மில்லிபாருக்குக் கொண்டுவரும். அதற்குப் பிறகு ஒரு பால் வால்வு, அதற்குப் பிறகுதான் ஹோஸ். வால்வு கை எட்டும் இடத்தில், ஓவன் தீப்பிடித்தாலும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓவனுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அவசரத்தில் அது இருந்தும் இல்லாதது மாதிரி.

அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த கருவி அவசியமில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ‘ப’ என்ற எழுத்தைப்போல வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றினால் மேனோமீட்டர் தயார். ஒரு முனையை ஓவனின் சோதனைத் துளையில் மாட்ட வேண்டும், மறுமுனை திறந்திருக்கும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே எத்தனை செ.மீ. வித்தியாசமோ, ஏறக்குறைய அத்தனை மில்லிபார். எல்பிஜி ஓவனின் நுழைவில் 28 முதல் 35 வரை இருக்கலாம். வால்வைத் தாண்டிய பிறகு, பர்னருக்குப் போகும் அழுத்தம் பல மாடல்களில் 25 அளவில் இருக்கும். மாட்டுவதும் கழற்றுவதும் மெக்கானிக்கின் வேலை, படிப்பதைப் பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.

இதில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. ஓவன் அணைந்திருக்கும்போது 30 காட்டும், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஓவனையும், அதே வரிசையில் இருக்கும் ஃப்ரையர், அடுப்பு எல்லாவற்றையும் முழுசாக எரியவிட்டு அளந்தால் 20க்கு விழும். அதுதான் உண்மையான எண். குழாய் ஒல்லி, அல்லது ரெகுலேட்டர் சிறியது, அல்லது சிலிண்டர் போதவில்லை.

கசிவுச் சோதனை சோப்பு நுரையில், ஒவ்வொரு இணைப்பிலும். தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக் கூடாது. காற்றை ஏற்றி வரிசையைச் சோதிக்கும்போது 35 மில்லிபாருக்கு மேல் போவதாக இருந்தால் ஓவனையும் அதன் வால்வையும் வரிசையிலிருந்து கழற்றிவிட வேண்டும். அதற்குள் என்றால் பால் வால்வை மூடினால் போதும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கேஸ் டிடெக்டரைத் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் வையுங்கள். இயற்கை எரிவாயு என்றால் கூரையருகே. சிலிண்டர் அறைக்குப் பக்கத்தில் சாக்கடைத் திறப்போ நிலவறையோ இருக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்.

கரண்ட்

பர்னர் கேஸில் எரிந்தாலும் ப்ளோவர், பெல்ட் மோட்டார், கன்ட்ரோல் எல்லாம் மின்சாரத்தில்தான் ஓடும். ஓவனுக்கென்று தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), தனி லைன், தனி எர்த்.

எர்த்தை இங்கே வலியுறுத்துவதற்கு ஷாக் அடிக்கும் என்பதைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. பர்னர் பற்றியதா இல்லையா என்று ஓவன் தெரிந்துகொள்வது சுடரின் வழியே பாயும் மிக மெல்லிய மின்னோட்டத்தை வைத்து. அளவு மைக்ரோ ஆம்பியர் கணக்கு. சென்சார் கம்பியிலிருந்து சுடர் வழியாக பர்னருக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் அது போய்ச் சேர வேண்டும். எர்த் சரியில்லை, அல்லது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது என்றால் சுடர் கண்முன்னே எரிந்துகொண்டிருக்கும், ஓவனோ ‘தீ பற்றவில்லை’ என்று வால்வை மூடிவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் இரண்டொரு வோல்ட்டுக்குள்.

இப்போது ஜெனரேட்டர் விஷயம். மின்வாரிய கரண்டில் நன்றாக ஓடும் ஓவன், ஜெனரேட்டருக்கு மாறியதும் மூன்று முறை முயன்று லாக் ஆகிவிடும். சிறிய ஜெனரேட்டர்களிலும் இன்வெர்ட்டர்களிலும் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதக்கும். நியூட்ரல்–எர்த் அளந்தால் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டும். பர்னரைக் கழற்றி, சென்சாரை மாற்றி, போர்டையும் மாற்றிப் பணம் செலவழிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜெனரேட்டரின் நியூட்ரலை முறைப்படி எர்த் செய்யச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹாண்டாக வரும் ஓவன்களில் இன்னொரு பொறி உண்டு. அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்டேஜ் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாதாரண ஏசி ப்ளோவர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும், மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். அத்தனை காற்று குறைந்த ஓவனில் எந்த ரெசிபியும் சரியாக வராது. வாங்கும் முன் மோட்டாரின் தகட்டைப் படியுங்கள்.

புகைக்கூண்டும் காற்றும்

ஓவனின் இரு வாய்க்கும் மேலே வரும்படி ஹூட் போட வேண்டும். நடு உடம்பை மட்டும் மூடினால் போதாது, புகையும் சூடும் கிளம்புவது வாய்களில்தான். எரிந்த கேஸ் ஓவனுக்குள்ளேயே சுற்றி இந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. எக்ஸாஸ்ட் இல்லாமல் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு அறையில் சேரும். அதற்கு மணம் கிடையாது. வேலை பார்க்கிறவர்களுக்கு மாலையானால் தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். வெளியேறுவதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை விசிறி வைத்தே உள்ளே கொடுப்பது வழக்கம். இதைச் சோதிக்க எளிய வழி: ஓவனை ஏற்றும் முன் எல்லாக் கதவையும் மூடி எக்ஸாஸ்டைப் போடுங்கள். அடுக்களைக் கதவை வெளிப்பக்கம் தள்ளித் திறக்கச் சிரமமாக இருந்தால், அல்லது கைவிட்டதும் படாரென்று உள்ளே இழுத்துக்கொண்டால், காற்று போதவில்லை. அந்த நிலையில் பர்னருக்கும் மூச்சுத் திணறும்.

புது காற்றை ஓவனின் வாய்க்கு நேராக விடக் கூடாது. ஏசியின் வாய், பெடஸ்டல் ஃபேன் இரண்டும் அப்படித்தான். மே மாத வெக்கையில் ஓவன் முன்னால் நிற்பவருக்கு ஃபேன் வைப்பார்கள், நியாயம்தான். ஆனால் அந்தக் காற்று ஒரு வாயில் புகுந்து உள்ளே இருக்கும் சூட்டை மறு வாய் வழியாகத் தள்ளும். பீட்சாவின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கருகி வந்தால் ஃபிங்கரைத் தொடும் முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள்.

முதல் முறை பற்ற வைப்பது

எக்ஸாஸ்டைப் போடுங்கள். பால் வால்வைத் திறந்து, கேஸ் வாடை இல்லை என்று உறுதி செய்யுங்கள். மெயின் ஸ்விட்ச், பிறகு ப்ளோவர். ப்ளோவர் காற்றைத் தள்ளுகிறதா என்பதை ஒரு பிரஷர் ஸ்விட்ச் உணர்ந்த பிறகே அடுத்த கட்டம் நடக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் வெறும் காற்று ஓடி உள்ளே தேங்கிய கேஸ் ஏதாவது இருந்தால் வெளியேற்றும். பிறகு ஸ்பார்க், வால்வு திறக்கும், சுடர் பற்றும். புது வரிசையில் காற்று அடைத்திருப்பதால் முதல் இரண்டு மூன்று முயற்சி தோற்பது சகஜம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அணைத்துவிட்டு 5 நிமிடம் காத்திருங்கள். பொறுமையில்லாமல் ரீசெட்டை அமுக்கிக்கொண்டே இருந்தால் சேர்ந்த கேஸ் ஒரே மூச்சில் பற்றும்.

சுடர் நீலமாக, உறுதியாக இருக்க வேண்டும். நுனியில் லேசாக மஞ்சள் தட்டினால் பரவாயில்லை, முழுக்க மஞ்சள் என்றால் பர்னருக்குக் காற்று விடும் தகட்டைச் சரிசெய்ய வேண்டும். 260 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காலியாக ஓட்டுங்கள். தொழிற்சாலை எண்ணெயும் இன்சுலேஷன் பசையும் எரிந்து புகையும். அந்த வாடை போன பிறகுதான் மாவு உள்ளே போகலாம்.

பெல்ட்டின் இழுவையையும் இப்போதே பாருங்கள். நடுவில் பிடித்துத் தூக்கினால் 5 முதல் 10 செ.மீ. எழும்ப வேண்டும். விறைப்பாக இருந்தால் மோட்டார் திணறும், தொளதொளவென்றிருந்தால் பல்சக்கரத்தில் நழுவும். புது பெல்ட் சூட்டில் நீளும் என்பதால் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கண்ணியை நீளமூக்கு கொறடால் கழற்றினால் சரியாகிவிடும்.

நேரமும் சூடும்

டிஸ்ப்ளே காட்டும் நிமிடத்தை நம்புவதற்கு முன் ஒரு முறை கடிகாரம் வைத்துச் சோதியுங்கள். தட்டின் முன் விளிம்பு அறைக்குள் நுழையும் கணத்தில் ஆரம்பித்து, அதே முன் விளிம்பு மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்துங்கள். அளப்பது எப்போதும் ஒரே விளிம்பை.

12 அங்குல மெல்லிய பீட்சாவுக்கு 260 டிகிரி, 6 நிமிடம் என்று தொடங்கலாம். கனமான பேன் பீட்சாவுக்குச் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: 15 நொடி, அல்லது 5 டிகிரி. மேலே சிவந்து நடு மாவு பச்சையாக இருந்தால் சூட்டை இறக்கி நேரத்தை நீட்ட வேண்டும். மேலும் கீழும் சேர்ந்து வெளுத்தால் சூட்டை ஏற்றுங்கள். மேல் சரி, அடி மட்டும் வெளுப்பு என்றால் தட்டைப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத் தட்டு சூட்டைத் திருப்பி அடிக்கும். கறுப்பு ஆனோடைஸ் தட்டோ துளையிட்ட தட்டோ அடியை நன்றாகச் சிவக்க வைக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஃபிங்கரின் துளைத் தகடுகளை மாற்றுவது. அது கடைசி மருந்து.

பன்னீர், தக்காளி, வெங்காயம் தாராளமாகப் போடுவது நம் ஊர் வழக்கம். அவை விடும் தண்ணீருக்கும் சேர்த்து நேரம் கொடுக்க வேண்டும், அல்லது பன்னீரை முன்பே வடித்து வைக்க வேண்டும். கொத்தமல்லி, கீரை போன்ற லேசான இலைகளைச் சீஸுக்கு மேல் தூவினால் காற்று வாரிக்கொண்டு போய்விடும்; இலை ஃபிங்கரில் ஒட்டிக் கருகும். சீஸுக்கு அடியில் வையுங்கள், இல்லையென்றால் வெளியே வந்த பிறகு தூவுங்கள்.

செட்டிங்கைக் காலி ஓவனில் ஒரே பீட்சாவை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். பெல்ட் நிறைய மாவு போகும்போது சூடு கொஞ்சம் இறங்கும். வரிசையாக எட்டு, பத்து விட்டு, நடுவில் வருவதைப் பிய்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். விற்பனைக்காரர் சொல்லும் ‘மணிக்கு இத்தனை’ என்பதையும் நீங்களே கணக்குப் போடலாம். 32 அங்குல பெல்ட்டில் 12 அங்குல பீட்சா பக்கத்துக்குப் பக்கம் இரண்டு. 40 அங்குல அறையில் இடைவெளியோடு மூன்று வரிசைக்குச் சற்று மேல். 6 நிமிடத்துக்கு ஆறு சொச்சம், மணிக்கு அறுபதைத் தாண்டும். கை ஓயாமல் பெல்ட்டில் வைத்துக்கொண்டே இருந்தால்தான் அது. ஐம்பது என்று வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட் போனால்

பெல்ட் நிற்கும், ப்ளோவர் நிற்கும், கேஸ் வால்வு தானாக மூடும். உள்ளே மாட்டிய பீட்சாவை நடு ஜன்னல் வழியாக உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சீஸ் வழிந்து பற்றும். எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். கரண்ட் வந்ததும் சட்டென்று போட வேண்டாம். அணைந்து 5 நிமிடம் ஆகவில்லை என்றால் காத்திருந்து, காலையில் போடும் வரிசையிலேயே மறுபடி தொடங்குங்கள். எக்ஸாஸ்ட் ஜெனரேட்டரில் ஓடாது என்றால் ஓவனையும் ஜெனரேட்டரில் ஓட்டக் கூடாது.

இரவு கடையடைக்கும்போது ஹீட்டை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோவரை விட்டுவைக்க வேண்டும். அறை 93 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை அது ஓடி, பல மாடல்களில் தானே நிற்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மெயினை இறக்கிவிட்டால் உள்ளே தேங்கிய சூடு முழுவதும் ப்ளோவர் தண்டுக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் ஏறும். வருஷத்துக்கு இரண்டு பேரிங் மாற்றும் கடைகளில் இந்தப் பழக்கம் இருக்கும்.

சுத்தம்

தினமும்: பெல்ட்டிலிருந்து உதிரும் தூளைப் பிடிக்கும் பொடித்தட்டு இரண்டையும் தட்டிக் கழுவுவது, பெல்ட்டை ஆறிய பிறகு பிரஷால் தேய்ப்பது, குளிர்விக்கும் விசிறியின் வலையை உலர்ந்த துணியால் துடைப்பது. மைதா பறக்கும் கடையில் அந்த வலை மூன்றே நாளில் அடைத்துக்கொள்ளும்.

மாதம் ஒரு முறை ஃபிங்கர்களைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொன்றின் மேலும் ‘மேல் 1, மேல் 2, கீழ் 1’ என்று எண் பொறித்துவிடுங்கள், சாக்பீஸில் எழுதினால் கழுவும்போது போய்விடும். எல்லா ஃபிங்கரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், துளை அமைப்பு ஒன்றுக்கொன்று வேறு. சுத்தம் செய்த மறுநாள் பீட்சா வேறு மாதிரி வந்தால் இடம் மாறியிருக்கிறது. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியப் பூச்சுத் தகட்டை அரித்துவிடும். சாதாரண டிஷ்வாஷ் திரவமும் வெந்நீரும் போதும். துளைகளைக் கம்பியால் குத்திப் பெரிதாக்க வேண்டாம். ஓவனின் மேல் ஹோஸால் தண்ணீர் அடிப்பதும் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெக்கானிக் ஜெட், பர்னர் குழாய், ப்ளோவர் இறக்கை, சென்சார் எல்லாம் பார்க்க வேண்டும். பூட்டியிருந்த கடையைத் திறக்கும்போது பர்னர் குழாயில் சிலந்தி வலை இருக்கும். இத்தனூண்டு வலை போதும், சுடரைப் பின்னுக்குத் தள்ள.

மக்கர் செய்யும்போது

பர்னர் பற்றி, சில நொடியில் அணைந்தால்: சென்சார் கம்பியை மிக மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள், பிறகு எர்த், பிறகு ஃபேஸ்–நியூட்ரல். ஸ்பார்க் சத்தமே இல்லை, ப்ளோவர் மட்டும் ஓடுகிறது என்றால் காற்று பிரஷர் ஸ்விட்சின் குழாய் கழன்றிருக்கும், அல்லது அதில் மைதா அடைத்திருக்கும். ஸ்விட்சை ஷார்ட் செய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள்.

காலையில் நன்றாக ஓடி மாலை நெரிசலில் சூடு 230க்கு இறங்கினால் சிலிண்டர் அறைக்குப் போய் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. சிலிண்டர் சாதாரணமாக இருந்தால் மேனோமீட்டர்.

பெல்ட் துள்ளித் துள்ளி ஓடினால் பொடித்தட்டு சரியாக உட்காராமல் உரசும், அல்லது பல்சக்கரத்தின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கும். மோட்டார் சுற்றுகிறது, பெல்ட் நகரவில்லை என்றாலும் அதே திருகுதான்.

கையிருப்பில் ஒரு ஃப்ளேம் சென்சார், ஒரு இக்னைட்டர் (ஸ்பார்க் தரும் பாகம்), பெல்ட் கண்ணி ஐந்தாறு, டிரைவ் செயின், கன்ட்ரோல் ஃபியூஸ் நாலு வைத்திருங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு டிஃபன் டப்பாவில் அடங்கும். அந்த டப்பாவின் மூடியில் ஓவனின் மாடல் எண், சீரியல் எண், எந்த கேஸ், மேனோமீட்டரில் கடைசியாகப் பார்த்த எண், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள். மெக்கானிக் போனில் முதலில் கேட்பது இவற்றைத்தான்.